பாலத்தடியில் செத்த பதினாறு ஆடுகள்

சின்னப்பையன் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் நரைத்த மீசையோடு ஒருவர் நடந்துபோனால் யாருக்கும் சிரிப்பு வரும். எர்ணாவூரில் எங்கள் தெருவில் யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. நான் சிரிப்பதை நிறுத்தியதற்குக் காரணம் வேறு. அவருடைய ஆடு ஒன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் ஆபீஸ் சட்டையின் ஒரு கையை முழங்கை வரைக்கும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அடுத்த வீட்டுக்காரர் என்பதால் தினமும் பார்த்தாக வேண்டும். பார்த்துப் பார்த்து சிநேகிதமும் ஆகிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

அவர் மணலி ரோட்டில் ஒரு கம்பெனிக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் மூட்டை தூக்கியவர். தொண்ணூற்றொன்பதில் அங்கே மூட்டையை நகர்த்த பெல்ட் போட்டார்கள். முப்பது பேருக்கு வேலை போனது. மற்றவர்கள் ஆட்டோ ஓட்டப் பழகினார்கள், சிலர் மீன் கூடை தூக்கப் போனார்கள். இவர் மட்டும் இரண்டு பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி பச்சையம்மா காசிமேட்டில் கருவாடு வாங்கி வந்து தெருத்தெருவாக விற்பவர். வாசலில் ஆட்டைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் பேசியது ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்பதற்காக.

நாலு வருஷத்தில் இரண்டு பதினொன்றானது. சின்னப்பையனுக்கு ஆடு என்றால் உயிர். ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டார். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றின் குணத்துக்கும் ஒரு கதை. என் சட்டையைத் தின்ற ஆட்டுக்கு ராணி என்று பெயர். அதற்குப் பருத்தித் துணி பிடிக்குமாம், பாலியஸ்டர் பிடிக்காதாம். இதை என்னிடமே வந்து பெருமையாகச் சொன்னார்.

2003ஆம் வருஷத்தைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நாங்களும் உட்கார்ந்திருந்தோம். மனிதனுக்கே இந்தக் கதி என்றால் ஆட்டுக்குப் புல் எங்கிருந்து வரும்? எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் ஆடு வளர்த்தார்கள். அவ்வளவு பேரும் காலையில் ஒரு திக்கும் மாலையில் ஒரு திக்குமாக ஆட்டை ஓட்டிக்கொண்டு அலைந்தார்கள்.

அந்தச் சித்திரையில்தான் நரி ஆட்டைப் பிடிக்க ஆரம்பித்தது. சென்னையில் நரியா என்று கேட்பவர்கள் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை. சதுப்பு, உப்பளம், ஆள் உயரத்துக்கு மேல் வேலிகாத்தான் முள், நடுநடுவே கம்பெனிக்காரர்கள் சுவர் மட்டும் எழுப்பிவிட்டு ஒன்றும் கட்டாமல் போட்ட நிலம். நரிக்கு இதைவிட என்ன வேண்டும்? எப்போதாவது ஒரு கோழி போகும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வருஷம் சித்திரையிலிருந்து வைகாசிக்குள் பதினாறு ஆடுகள் போய்விட்டன. முக்கால்வாசி குட்டிகள். சின்னப்பையன் வீட்டில் மட்டும் இரண்டு.

இரண்டாவது குட்டி போன அன்று பச்சையம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்று செத்தால், ஆடி பிறந்ததும் மிச்சம் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன். ஆடியில் எங்கள் பக்கம் அம்மன் கோவில் இல்லாத தெரு கிடையாது, கூழ் ஊற்றாத வீடு கிடையாது, கறிக்கு அலைவார்கள். விற்பதற்கு ஒரு மணி நேரம் போதும். அப்புறம் சின்னப்பையன் எம்.கே.பி. நகரில் மச்சான் நடத்தும் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கப் போக வேண்டியதுதான். மச்சானுக்கு இவரை வேலைக்கு வைத்துக்கொள்வதில் அலாதி ஆசை. வேலை போன நாளிலிருந்து, “வாங்க மாமா, ஒக்காந்துகினே பாக்கற வேலதான்” என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே சின்னப்பையனுக்குச் சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் வனக்காப்பாளர் எழிலன் வந்தார். வியாசர்பாடிக்காரர், பொறுமையானவர், எங்களிடம் அந்தப் பொறுமையை மொத்தமாகத் தொலைத்துவிட்டுப் போனவர். தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நரியைப் பிடித்துக்கொண்டு போக முடியாது, விஷம் வைத்தால் வைத்தவர்மேல் கேஸ் வரும். ஆனால் நரி கண்ட இடத்தில் அடிப்பதில்லை. ஒரு இடத்தில் சுலபமாகக் கிடைத்துவிட்டால் திரும்பத் திரும்ப அங்கேதான் வரும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எத்தனை ஆடு போனது என்று ஒழுங்காகச் சொன்னால், அடுத்தது எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அங்கே இரண்டு ஆள் காவல் போடுகிறேன் என்றார்.

சின்னப்பையன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுவதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கூடக் குடிக்க விடாமல் என்னை எழுப்பி, “நோட்ட எட்த்துக்கினு வா கிளார்க்கு, ஒரு ஒபகாரம்” என்றார். சட்டைக் கையைத் தின்ற ஆட்டுக்காக நான் வீடு வீடாகப் போனேன். என் தலையெழுத்து.

முதலில் பூவம்மா வீடு. அவருக்கு மூன்று குட்டிகள் போயிருந்தன. எங்கே என்று கேட்டேன். அடுப்பிலிருந்த பானைக்குள் பார்த்தபடியே, பாலத்தடியில் என்றார். கால்வாய்ப் பாலத்தைச் சொல்கிறார். மூன்றுமா? மூன்றும்தான். எத்தனை மணிக்கு? பொழுது சாயும் நேரம். எழுதிக்கொண்டேன். அடுத்து அஜீசுன்னிசா. வருகிற பக்ரீத்துக்கென்று குட்டிகளை ஊட்டி வளர்ப்பவர். அவருக்கு இரண்டு போனது, இரண்டும் பாலத்தடியில். மூன்றாவது வீட்டிலும் பாலத்தடிதான். ஐந்தாவது வீட்டில் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, பாலத்தடி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் சின்னப்பையனைக் கேட்டேன். “என்னுதும் அங்கதான். எயுதிக்கோ” என்றார்.

பதினாறும் பாலத்தடி, நேரமும் பொழுது சாயும் வேளைதான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பாலத்தடியை நான் தினமும் சைக்கிளில் கடக்கிறேன். வெடித்த சேறு, உடைந்த பாட்டில், கோழிக்கடைக் கழிவு. மருந்துக்குக் கூட ஒரு புல் கிடையாது. புல் இல்லாத இடத்துக்கு ஆட்டை எதற்கய்யா ஓட்டிக்கொண்டு போனீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துறைமுகத்தில் என் வேலை அப்படி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, மேலே ஒட்டியிருப்பதை எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். இருபது வருஷப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் விட்டுப்போகுமா?

ஒரு தாளில் கால்வாய், பாலம், ரோடு எல்லாம் வரைந்து, பாலத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன். மாலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள், பாலத்தடியில், அடுத்த ஆடு போகும். இதுதான் எங்கள் கணிப்பு. எழிலன் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். இவ்வளவு சுத்தமாக ஒரே இடத்தைக் காட்டும் கணக்கை அவர் பார்த்ததே இல்லையாம். நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

எட்டு நாள் காவல் இருந்தார்கள். இரண்டு காவலர்கள், சில நாள் எழிலனும் கூட. மாலையில் பாலத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து கொசுவுக்கு ரத்தம் கொடுத்தார்கள். குடிக்க வந்த நாலு பேர் காக்கிச்சட்டையைப் பார்த்து ஓடினார்கள். நாய்கள் வந்தன. நரியின் வாலைக் கூடக் காணோம். ஆறாம் நாள் மாலை அஜீசுன்னிசா தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார். அவர் மடியில் வைத்து வளர்த்த சுல்தான் என்ற குட்டியை நரி தூக்கிவிட்டது. சத்தம் கேட்டு எழிலன் பாலத்திலிருந்து சைக்கிளில் பறந்து வந்தார். எங்கேம்மா என்றார்.

“பாலத்தாண்டதான்” என்றார் அஜீசுன்னிசா.

எழிலன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பிறகு, “நான் அங்கதாம்மா குந்திக்கினு இருந்தேன். இப்பதான் எய்ந்து வர்றேன்” என்றார்.

அப்படியானால் பாலத்துக்கு அந்தப் பக்கமாக இருக்கும் என்றார் அஜீசுன்னிசா. அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருக்கிறான் என்றார் எழிலன். அந்த ஆள் தூங்கியிருப்பான் என்று அழுதுகொண்டே சொன்னார் அஜீசுன்னிசா. அழுகை நிஜம், பாலம் மட்டும் பொய். எட்டாம் நாள் பூவம்மா வீட்டில் இன்னொரு குட்டி போனது. அதுவும் பாலத்தடியில். எழிலன் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். இது நரியே இல்லை, தெருநாய் வேலை என்று எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, என் தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது பாராட்டவில்லை.

சின்னப்பையன் வாசலில் நின்று ஊரையே திட்டினார். மற்ற ஆறு வீட்டுக்காரர்களையும் பெயர் சொல்லித் திட்டினார். நாம் ஒரு நல்லது செய்யப்போனால் இப்படியா காதில் பூ சுற்றுவது, வாயைத் திறந்தால் பொய், இந்தத் தெருவே பொய் என்று கால் மணி நேரம் கத்தினார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன், எனக்கு அவமானம் இருந்தது. பச்சையம்மா வாசலில் முறத்தில் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

“உன் குட்டி ரெண்டும் எங்க செத்துச்சு?” என்று கேட்டார்.

சின்னப்பையன் நிறுத்தினார். பாலத்தடியில் என்று சொல்ல வாயெடுத்தார்.

“வாரத்துக்கு ரெண்டு நாளு தூக்குல ஊத்தி எட்த்துக்கினு போறியே கருவாட்டுக் கொயம்பு, அது யாருக்குப் போவுது? பாலத்துக்கா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னப்பையன் என்னை உள்ளே இழுத்துக்கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கால்வாய்க்கு அப்பால் ஒரு கம்பெனியின் பெரிய காலிமனை இருக்கிறது. சுற்றிலும் சுவர், பின்பக்கம் ஒரு ஓட்டை. உள்ளே உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று. எங்கிருந்தோ வரும் குழாய் கசிந்து கசிந்து அந்தத் தொட்டியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பசும்புல். ஊரே காய்ந்து கிடந்த அந்த வருஷத்தில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். பின்பக்கக் காவலாளி சண்முகவேல் காலை ஐந்தரைக்கு இவரை உள்ளே விடுவார். ஒரே ஒரு நிபந்தனை. “உன்ன மட்டுந்தான் வுடறேன். வெளிய மூச்சு வுட்டே, உனக்கும் கெடையாது.” அதற்குக் கூலிதான் கருவாட்டுக் குழம்பு. இரண்டு குட்டியும் செத்தது அந்தத் தொட்டியடியில்.

எனக்கு வந்த கோபத்தில் நோட்டைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தேன். ஊரே பொய் சொல்கிறது என்று இப்போதுதானே கத்தினீர்கள் என்று கேட்டேன். தன் கணக்கைத் தானே கெடுப்பவரை நான் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

“மத்தவங்கள்லாம் கரீட்டா சொல்லுவாங்க, நான் ஒருத்தன் மாத்திச் சொன்னா கணக்குக்கு இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன் கிளார்க்கு.”

அன்று சாயங்காலம் முழுக்க அவர் வாசலில் உட்கார்ந்தே இருந்தார். உண்மையைச் சொன்னால் புல் போய்விடும். சொல்லாவிட்டால் மிச்சம் ஒன்பதில் ஒன்று போகும், பச்சையம்மா விற்றுவிடுவார். எப்படிப் பார்த்தாலும் சைக்கிள் ஸ்டாண்டு. நான் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் காலை லாரித் தண்ணீர் வரிசை. லாரி வரவில்லை. வரிசையை விட்டு யாரும் நகர முடியாது, நகர்ந்தால் குடம் பின்னால் போய்விடும். ஏழு வீட்டுக்காரர்களும் வரிசையில் இருந்தார்கள். சின்னப்பையன் தன் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்றார். பிளாஸ்டிக் குடம், அது நசுங்கியது. இறங்கிவிட்டு, தரையில் நின்றே பேசினார்.

“என் குட்டி ரெண்டும் பாலத்தாண்ட சாவல. நான் பொய் சொன்னேன். கம்பெனிச் சொவத்துக்கு உள்ள செத்துச்சு. புல்லுக்காவ உங்க எல்லார் கிட்டயும் மறைச்சேன்.”

இனிமேல் ஏழு வீடும் அந்த ஓட்டைக்கு ஓடும், இவர் ஆட்டுக்கு ஒரு காம்புகூட மிஞ்சாது என்று நினைத்தேன். அப்போது எனக்கு முன்னால் நின்ற பூவம்மா மெதுவாகத் திரும்பினார்.

“உள்ள எங்க? ஒடைஞ்ச தொட்டியாண்டயா?” என்றார்.

தொட்டி உள்ளே இருப்பது உனக்கெப்படித் தெரியும் என்று பின்னாலிருந்து அஜீசுன்னிசா கேட்டார். உனக்கெப்படித் தெரியும் என்று பூவம்மா திருப்பிக் கேட்டார். ஒரு நிமிஷத்தில் வரிசை முழுக்கத் தீப்பற்றிக்கொண்டது. சண்முகவேல் ஏழு பேரையும் உள்ளே விட்டிருக்கிறார். ஏழு பேரிடமும், உன்னை மட்டும்தான் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சின்னப்பையனுக்குக் காலை ஐந்தரை, இன்னொருவருக்கு ஆறேகால், பூவம்மாவுக்கு மாலை ஐந்தரை, அஜீசுன்னிசாவுக்கு ஆறரை. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், கம்பெனி ஆபீசர்கள் வராத நேரமாகப் பார்த்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பூவம்மாவிடம் தினம் ஆட்டுப்பால், அஜீசுன்னிசாவிடம் வெள்ளிக்கிழமை பிரியாணி, இவரிடம் கருவாட்டுக் குழம்பு. எங்கள் தெருவின் சமையல் மொத்தத்தையும் ருசி பார்த்த ஒரே ஆள் அவர்தான். அத்தனை குட்டி சாவதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தவரும் அவர்தான். நாலு பெண்கள் குடத்தை விட்டுவிட்டு அங்கேயே நேராகக் கம்பெனிப் பின்கதவுக்குப் போனார்கள். அவர்கள் அவரைக் கேட்ட கேள்விகளை நான் எழுத முடியாது.

லாரி பத்தரைக்கு வந்தது. அதற்குள் தண்ணீர் வரிசையிலேயே நான் புதுப் பட்டியல் எழுதி முடித்துவிட்டேன். இந்தத் தடவை ஒவ்வொருவரையும் நாலு கேள்வி கேட்டேன். பதினெட்டில் பதினைந்து, தொட்டியைச் சுற்றி நூறடிக்குள். மூன்று மட்டும் நிஜமாகவே வேறு இடம், அது நாய். நேரமெல்லாம் விடியற்காலை, இல்லை பொழுது சாயும் வேளை. தொட்டியை ஒட்டின வேலிகாத்தான் புதரில் நரி குட்டி போட்டிருப்பதைப் பூவம்மா பார்த்திருந்தார், சொல்லத்தான் இல்லை. நரி நடமாடும் அந்த இரண்டு வேளையில், ஒரே ஒரு ஆள், பத்து ஆடு, யாரும் கூட இல்லை. நரிக்கு நாங்களே நேரம் குறித்துக் கொடுத்து, ஒவ்வொருவராகப் போய் ஊட்டியிருக்கிறோம். இதைப் படித்துக் காட்டியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எழிலனைக் கையில் காலில் விழுந்து திரும்ப அழைத்து வந்தோம். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு முதலில் ஐந்து நிமிஷம் எங்களைத் திட்டினார். எங்களுக்கு அது வேண்டியதுதான். அப்புறம் நிதானமாக, மழைக்காலத்துக்குள் நரிக்குட்டிகள் வளர்ந்து, நரி அந்தப் புதரை விட்டுப்போய்விடும், அது வரைக்கும் தொட்டிப் பக்கம் போகாதீர்கள் என்றார். கம்பெனி நிலத்துக்குள் போங்கள் என்று நான் சொல்ல முடியாது, என் காதில் அது விழவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நேரத்தைச் சின்னப்பையன் முடிவு செய்தார். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. ஏழு வீட்டு ஆடும் ஒரே மந்தையாக, தொட்டிக்கு எதிர்ப்பக்கம் மட்டும். இப்படிப் போனால் ஒன்று கூடப் போகாது, பழையபடி ஒருத்தர் தனியாகப் போனால் மூன்று நாளைக்குள் ஒரு குட்டி போகும் என்றார். ஆறாம் வீட்டுக்காரர் கேட்காமல் விடியலில் தனியாகப் போனார். இரண்டாம் நாளே குட்டி போனது. அதற்கப்புறம் எல்லோரும் கேட்டார்கள்.

ஒன்பது நாள் அப்படிப் போனார்கள். நாங்கள் சொன்னது சொன்னபடி நடந்தது. எழுபது ஆட்டுக்கு மேல், ஏழு வீட்டு ஆட்கள், கையில் கம்பு, ஒரே சத்தம். ஒரு குட்டிக்கும் கீறல் இல்லை. பூவம்மாவும் அஜீசுன்னிசாவும் நாலு மாதமாக ஒருவருக்கொருவர் மறைத்த புல்லில் சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சின்னப்பையன் நடுவில் நின்றுகொண்டு எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார். மனுஷனைப் பிடிக்க முடியவில்லை.

பத்தாம் நாள் கம்பெனி ஜீப் வந்தது. வராமல் என்ன செய்யும்? காலை பத்து மணி என்பது ஆபீசர்கள் வரும் நேரம். பத்து ஆடு இருட்டோடு நுழைந்தால் தெரியாது, எழுபது ஆடு பட்டப்பகலில் ஊர்வலம் போனால் தெரியாதா? இதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. நரி எங்கே வரும் என்று கணித்தோம், ஜீப் எங்கே வரும் என்று கணிக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை, வெளியே போகச் சொன்னார்கள். மறுநாளே ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசி, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டார்கள். சண்முகவேலை வேறு கதவுக்கு மாற்றினார்கள்.

தெரு மொத்தமும் சின்னப்பையன்மேல் பாய்ந்தது. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் புல்லாவது கிடைத்திருக்கும் என்றார்கள். குட்டி செத்ததெல்லாம் அவர்களுக்கு மறந்துவிட்டது. இனி நரி ஒன்றையும் பிடிக்காது, அது மட்டும் நிச்சயம். சுவருக்குள் நரி, வெளியே ஆடு. ஆனால் ஆடு எதைத் தின்னும்? இரண்டு வாரத்தில் எலும்பு தெரிந்தது. ராணி என் வீட்டுக் கொடியில் பாலியஸ்டர் பேன்ட்டையே கடிக்க ஆரம்பித்தது. ஆடி நெருங்க நெருங்க மூன்று வீட்டில் விற்றுவிட்டார்கள். நாலாவது வீட்டுக்காரர் விலை பேசிக்கொண்டிருந்தார்.

ஆடி முதல் தேதி காலை. நான் வேலைக்குக் கிளம்பி சைக்கிளை வெளியே எடுத்தேன். சின்னப்பையன் ஒன்பது ஆட்டையும் கயிற்றில் கோத்து வாசலில் நிறுத்தியிருந்தார். சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். எம்.கே.பி. நகருக்குப் போகும்போது அப்படித்தான் போவார். கறிக்கடைக்காரர் வரச்சொல்லியிருக்கிறார், அப்படியே மச்சானையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. இந்த ஆடுகளை எத்தனை திட்டியிருக்கிறேன், அந்த நேரத்தில் ராணியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

பச்சையம்மா கருவாட்டுக் கூடையோடு வெளியே வந்தார். கயிற்றைப் பார்த்தார். கூடையைத் தரையில் இறக்கினார்.

“யார் விக்கச் சொன்னது?”

நீதானே சொன்னாய் என்றார் சின்னப்பையன். ஆடி பிறந்தால் விற்கிறேன் என்று சொன்னது யார்?

“நான் இன்னா சொன்னேன்? இன்னொண்ணு செத்தா விப்பேன்னு சொன்னேன். செத்துச்சா? நீ சொல்லு, என்னாண்ட சொல்லு, நம்ம வூட்ல ஒண்ணாச்சும் செத்துச்சா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார். புல் இல்லையே என்று ஏதோ முணுமுணுத்தார்.

“புல்லு இல்லன்னா நான் சொல்லல. செத்தான்னுதான் சொன்னேன். எங்க அடிக்கும்னு கண்டுபுட்ச்சியே, ஒம்போதையும் காப்பாத்தினியே, அது யாருக்காவ? கறிக்கடைக்காரனுக்கா?” அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். “கட்டு உள்ள. நாலு மணிக்கெல்லாம் திருவொத்தியூர் மார்க்கெட்டுல கோசு எலயும் முள்ளங்கித் தழையும் வாரி வெளிய கொட்றான். இம்மாம் நாளா என் கூடையில அத போட்டுக்கினு வரச் சொல்லி ஒரு வார்த்த கேட்டியா நீ? புல்லு, புல்லு, புல்லுன்னு ஊரெல்லாம் பொய் சொல்லத் தெரிஞ்சுது, பொண்டாட்டிய கேக்கத் தெரியல.”

சின்னப்பையன் நின்ற இடத்திலேயே நின்றார். பச்சையம்மா ஆடுகளைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பிறகு திரும்பி வந்து கூடையைத் தலையில் தூக்கி வைக்கச் சொன்னார். அவர் தூக்கி வைத்தார். கண் உள்ளே போன ஆடுகள்மேலேயே இருந்ததால் கூடை சாய்ந்து கருவாடு இரண்டு கீழே விழுந்தது, அதற்கும் திட்டு வாங்கினார்.